தண்ணி ஏறல

செத்துப்போன வலைப்பூக்களின் கடைசிப் பதிவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நீண்ட நாட்களாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. வேலைப்பளு. இனி அடிக்கடி எழுதுவேன்." அதற்குக் கீழே 2014 மார்ச் என்றோ 2016 ஜூன் என்றோ ஒரு தேதி. அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. இப்படி அடிக்கடி எழுதுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர் என்று வாசுகி ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

எண்ணுவதற்கு அவளுக்கு நேரம் இருந்தது. கெலாங் பாத்தாவில் விடிகாலை ஐந்தேகாலுக்குக் கிளம்பும் தொழிற்சாலை பஸ், சிங்கப்பூர் எல்லையில் செகண்ட் லிங்க் பாலத்தின் குடிநுழைவுச் சாவடிக்கு வந்ததும் நின்றுவிடும். சில நாள் இருபது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். மற்றவர்கள் வாயைத் திறந்தபடி தூங்குவார்கள். எல்லைக்கு அப்பால் துவாஸில் ஒரு பொட்டலத் தொழிற்சாலையின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கும் வாசுகி, கைப்பேசியில் அடுத்தவர்களின் வலைப்பூக்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏழு வருடமாக நடக்கிற வேலை இது. ஒவ்வொரு ஞாயிறு காலையும் 'ஞாயிறு ஏழு' என்ற தலைப்பில் நூற்று அறுபத்து மூன்று பேருக்கு அவள் ஒரு மின்னஞ்சல் அனுப்புவாள். மலேசியத் தமிழர்கள் தங்கள் சொந்த வலைப்பூவில் எழுதிய ஏழு பதிவுகளின் தலைப்பு, சுட்டி, எழுதியவர் பெயர், அறிமுகமாக இரண்டு வரி. எழுதி முப்பது நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. சொந்தமாக எழுதியிருக்க வேண்டும். கட்சி, கோயில் நிர்வாகம், கம்பெனி வகையறா கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. ஆரம்பித்தபோது வாரத்துக்கு நாற்பது பதிவுகளிலிருந்து ஏழைத் தேர்ந்தெடுக்கத் திண்டாடினாள். இப்போது ஏழு சேர்ப்பதற்கே நாக்குத் தள்ளியது.

அவளுடைய பட்டியலில் இருந்த இருநூற்றுப் பதினான்கு முகவரிகளில் மூச்சு இருந்தவை பத்தொன்பது. அதில் ஒன்று வாரப் பலன். இன்னொன்று வாட்ஸப்பில் வந்த காலை வணக்கங்களை அப்படியே ஒட்டுவது. செடெனாக் திருச்செல்வம் ஒரு காலத்தில் செம்பனை லாரிக்காரர்களைப் பற்றி அப்படி எழுதுவார். படித்துவிட்டு வாசுகி இரண்டு நாள் வேறு எதையும் படிக்காமல் இருந்திருக்கிறாள். அவர் புதுக் கேமரா வாங்கியதிலிருந்து ஆர்க்கிட் படங்களாகப் போட்டுத் தள்ளுகிறார். கீழே "அழகு!" என்று ஒரே ஒரு சொல். "எழுதுங்கண்ணே, ப்ளீஸ்" என்று வாசுகி அஞ்சல் அனுப்பினாள். பதிலாக இன்னொரு ஆர்க்கிட் வந்தது.

போன வருடம் புதிதாக ஒரு வலைப்பூ முளைத்தது. தினமும் ஒரு கட்டுரை. வாசுகிக்குத் தலைகால் புரியவில்லை. நான்காம் நாள் அப்பாவைப் பற்றிய கட்டுரை இப்படித் தொடங்கியது: "நிச்சயமாக! இதோ, தந்தையைப் பற்றிய ஓர் உணர்ச்சிகரமான கட்டுரை." எழுதிக் கொடுத்தது இயந்திரம். எடுத்து ஒட்டிய மனிதருக்கு அந்த முதல் வரியை அழிக்கக்கூடப் பொறுமை இல்லை. அந்த வாரம் சாவடி வரிசையில் அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சன்னலையே பார்த்துக்கொண்டு போனாள்.

"ஏழு கிடைக்கலன்னா அஞ்சு போடேன், வாசு. யாரு எண்ணப் போறா?" என்றான் கணவன் ரூபேந்திரன். கொள்கலன் லாரிப் பட்டறையில் மேற்பார்வையாளன்.

"பேரே ஞாயிறு ஏழுங்க."

"பேர மாத்து. ஞாயிறு கிடைச்சா உண்டுன்னு வை."

அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் அடுத்த வாரமும் அதையே சொன்னான்.

*

நவம்பரில் ஒரு செத்த வலைப்பூவின் அடியில் உயிரோடு ஒரு பின்னூட்டத்தைக் கண்டாள். 2013ல் நின்றுபோன பக்கம். "இனி அடிக்கடி எழுதுவேன்" என்பதற்குக் கீழே, சென்ற வாரத் தேதியில், யாரோ எழுதியிருந்தார்கள்: "பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. எங்க போனீங்க? நான் இன்னும் வந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்."

தன்னைப் போல் இன்னொரு ஆள் இந்தப் பக்கங்களில் உலாவுகிறது. வாசுகி அந்தப் பின்னூட்டத்தின் சுட்டியைத் தட்டினாள். 'தண்ணி ஏறல' என்ற வலைப்பூ திறந்தது. நாற்பத்தொரு பதிவுகள். ஒன்றுக்குக்கூடப் பின்னூட்டம் இல்லை. எழுதுகிறவர் பெயர் இல்லை, படம் இல்லை, ஊரும் இல்லை.

"இன்னிக்கு தீவுக்குப் போற ஒன்பது மணி போட்டு பன்னெண்டரைக்குத்தான் போச்சு. தண்ணி ஏறல. கவுண்டர்ல நான் தண்ணி ஏறலன்னு சொன்னா, கடலுக்கு அடியில மூடிய நான்தான் கழட்டி வுட்ட மாதிரி பாக்குறாங்க. ஒரு அங்கிள், மேனேஜரக் கூப்புடுன்னாரு. எந்த மேனேஜரு அங்கிள்? நிலாவுக்கா போன் போடணும்?"

பஸ் நகர்ந்ததை அவள் கவனிக்கவில்லை. கடப்பிதழில் முத்திரை வாங்க எல்லோரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் ஹார்ன் அடித்துத்தான் அவளை எழுப்ப வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து 'ஞாயிறு ஏழு'வில் ஏதாவது ஓர் இடத்தில் 'தண்ணி ஏறல' இருந்தது. மற்ற ஆறும் எப்படியிருந்தாலும் இந்த ஒன்றுக்காகப் பட்டியலை அனுப்பலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பட்டியலில் சேர்ப்பதாக அவள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு "சரி" என்று ஒரு சொல் வந்தது. அதோடு நின்றிருக்கலாம். அவளால் முடியவில்லை. கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டாரச் செய்தியாளராக இருந்தவள். யார், எங்கே என்று கேட்காமல் அவளுக்கு ஒரு செய்தி முடியாது.

படகு ஏறும் ஜெட்டி, தீவு, ஆற்று முகத்துவாரம், வருடக் கடைசியில் பருவமழைக்கு மூடல், குன்றின் மேல் ஒரு மசூதி. பதிவுகளில் படகு தாமதமான நாட்களை ஒரு தாளில் எழுதினாள். இணையத்தில் கிடைத்த கடல் ஓத அட்டவணைகளோடு ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டாள். ஆறு வாரம் ஆனது. மெர்சிங் என்று முடிவானபோது, ரூபேந்திரனைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினாள்.

"கண்டுபுடிச்சு?" என்றான்.

"சும்மாதான். தெரிஞ்சுக்கணும்னு."

*

பிப்ரவரியில் மதிவாணன் அழைத்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஸ்கூடாயில் ஒரு தமிழ் மன்றத்தின் செயலாளர். மன்றத்தின் ஆண்டு விழாவில் இந்த முறை வலைப்பூ எழுதுகிறவர்களைச் சிறப்பிக்கப் போகிறார்களாம். விழா மலரில் ஏழு பதிவுகளை அச்சிட வேண்டுமாம்.

"நீதாம்மா எடுத்துக் கொடுக்கணும். வேற யாருக்கு இந்த விவரம் தெரியும்?"

ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவளிடம் அப்படிக் கேட்டார். அன்று வேலையில் இரண்டு ஏற்றுமதிப் படிவங்களைத் தப்பாக நிரப்பினாள்.

எல்லோரிடமும் அனுமதி கேட்டாள். ஆறு பேர் அன்றே சம்மதித்தார்கள். திருச்செல்வம் தன் பழைய லாரிக் கட்டுரையோடு ஒரு ஆர்க்கிட் படத்தையும் இணைத்திருந்தார். 'தண்ணி ஏறல'விடமிருந்து ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது.

"போட்டுக்குங்க. ஒரு எழுத்த மாத்தாதீங்க. பேரு கேக்காதீங்க."

வாசுகி எடுத்திருந்தது 'போகாத ஆளு' என்ற பதிவு. மாதாமாதம் ஒருவர் கவுண்டருக்கு வருகிறார். தீவுக்கு டிக்கெட் வாங்குகிறார். படகு கிளம்பும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் ஏறி முடிந்ததும் வந்து, டிக்கெட்டை அடுத்த மாதத்துக்கு மாற்றச் சொல்கிறார். தீவில் ஒரு விடுதியில் அவருடைய தம்பி சமையல் வேலை செய்கிறான் என்று போட்டுக்காரர்கள் சொல்லித் தெரியும். தண்ணீர் ஏறாத நாட்களில் எல்லோரையும்விட அவர்தான் அதிகமாகத் திட்டுவார், போகப் போவதில்லை என்றாலும். பதிவு இப்படி முடியும்: "அடுத்த மாசமும் வருவாரு. நான் மாத்திக் குடுப்பேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

மதிவாணனுக்கு எல்லாவற்றையும் அனுப்பி, எழுத்து மாறக் கூடாது, பெயர் வேண்டாம் என்று வாட்ஸப்பில் தனியாகக் குரல் செய்தியும் போட்டாள். கட்டைவிரல் உயர்த்திய படம் வந்தது.

மார்ச்சில் ஒருநாள் அவள் குடிநுழைவு வரிசையில் நின்றபோது அவர் மறுபடி அழைத்தார். அதிகாரி வரிசையைப் பார்த்துக் கைப்பேசியை வை என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் படகுக் கட்டுரைக்குப் பேரு இல்லம்மா. பேரு இருக்க வேண்டிய இடத்தக் காலியா விட்டா அச்சுப்பிழைன்னு நெனைப்பாங்க."

"பேரு வேணாம்னுட்டாங்க சார்."

"பேரு வேணாம்மா. ஆளு யாரு, என்ன வேலைன்னு தெரியுமா உனக்கு? சும்மா எனக்காகச் சொல்லு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு வாரம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்ததை இதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

"மெர்சிங் ஜெட்டியில டிக்கெட் கவுண்டர்ல வேலை செய்றவங்க சார். பதிவுல எங்கயும் ஊரு இருக்காது. நானே தேடிக் கண்டுபுடிச்சதுதான்."

"பெரிய ஆளும்மா நீ!" என்றார்.

அதிகாரி மேசையைத் தட்டினார். அவள் கைப்பேசியை அணைத்துவிட்டுக் கடப்பிதழை நீட்டினாள். அதோடு மறந்தும் போனாள்.

*

விழா ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மாலை. பிரமுகர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை இரண்டு பிள்ளைகள் ஒரே பாட்டுக்கு மூன்று முறை ஆடினார்கள். பிரமுகர் பேசி முடித்ததும் பொன்னாடைகள் வந்தன. வாசுகிக்கும் ஒன்று. ஒலிபெருக்கியில் அவளை 'வலைப்பூத் தாய்' என்று அழைத்தார்கள். ரூபேந்திரன் கீழே உட்கார்ந்து அதைப் படமெடுத்து, எடுத்த கையோடு மைத்துனர்களுக்கு அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இருக்கைக்குத் திரும்பி மலரைப் பிரித்தாள். வாழ்த்துச் செய்திகள் முப்பது பக்கம். நாற்பத்தேழாம் பக்கத்தில் 'போகாத பயணி' என்று தலைப்பு. அதன் கீழே தடித்த எழுத்தில்: 'மெர்சிங் படகுத்துறை, பயணச்சீட்டு முகப்புப் பணியாளர்.'

கண் கீழே ஓடியது. நிலாவுக்குப் போன் போடுகிற வாய் எங்கேயும் இல்லை. எல்லா வரியும் குளித்துத் தலைவாரி வரிசையில் நின்றது. கடைசி வரியில் கேட்க மாட்டேன் என்பது இல்லை. அதற்குப் பதில்: "உடன்பிறந்தவரோடு பகைமை பாராட்டுதல் தகாது என்பதை இப்பயணி இனியேனும் உணர்வாராக!"

மதிவாணன் சாப்பாட்டு மேசையில் மீகூன் சேமியா எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு சொன்னேனே."

"மாத்தலயேம்மா. செப்பம்தான் பண்ணேன். பேச்சு வழக்குல இருந்துச்சு, நாலு பெரியவங்க படிக்கிற மலரு. சாம்பார் ஊத்தவா?"

"கடைசி வரி நீங்க எழுதினது."

"கதைன்னா ஒரு கருத்து வேணும்லம்மா. அந்தரத்துல நின்னுச்சு. நாப்பது வருசம் பிள்ளைங்க கட்டுரை திருத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"ஊரப் போட்டுட்டீங்க. அவங்க ஊரே எழுதினதில்ல. மெர்சிங் கவுண்டர்ல எத்தன தமிழாளுங்க இருப்பாங்க? தேடிப் போய்..."

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். கோபம் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். "நீதானேம்மா சொன்ன?"

பின்னால் நின்றவர் அவளை நகரச் சொன்னார். பொன்னாடை தோளிலிருந்து நழுவி மீகூன் பாத்திரத்துப் பக்கம் போனது. அதை இழுத்துச் சுருட்டிக் கைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

விழா முடிந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில், 'தண்ணி ஏறல'வைத் தட்டியபோது வெள்ளைத் திரை வந்தது. "இந்த வலைப்பூ அழைக்கப்பட்ட வாசகர்களுக்கு மட்டுமே." அவள் அழைக்கப்படவில்லை.

மூன்று மின்னஞ்சல் எழுதினாள். முதலாவது நீளமாக இருந்தது. அதில் பாதி மதிவாணனைப் பற்றி. இரண்டாவது அதைவிடச் சின்னது. மூன்றாவதில் "மன்னிச்சிருங்க" மட்டும். எதற்கும் பதில் இல்லை. அந்த ஞாயிறு ஆறு பதிவுகளோடு பட்டியல் போனது, ஏழு வருடத்தில் முதல் முறையாக. நூற்று அறுபத்து மூன்று பேரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. திருச்செல்வம் மட்டும் ஒரு ஆர்க்கிட் அனுப்பினார்.

"சனிக்கிழம மெர்சிங் போறேன்," என்றாள்.

"பஸ்ஸ மாறி மாறியா? நான் ஓட்றேன் லா," என்றான் ரூபேந்திரன். "அங்க கெரோபோக் நல்லாருக்கும்."

கோத்தா திங்கி வழியாக இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் எழுதி அழித்துக்கொண்டே வந்தாள். ஜெட்டியில் அவளை இறக்கிவிட்டு அவன் கெரோபோக் வாங்க மீன் அப்பளக் கடைப் பக்கம் போனான்.

ஆற்றில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. பெட்டி படுக்கையோடு ஒரு கூட்டம் தரையில் உட்கார்ந்திருந்தது. நான்கு கவுண்டர்களில் மூன்றாவதில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சட்டையில் குத்தியிருந்த பெயர் நூர் அஸிலா. முகம் தமிழ்முகம். முன்னால் நின்ற சீனத் தம்பதியிடம் மலாயில் எதையோ மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இன்னும் ஏறவில்லை. மேனேஜரா? மேனேஜர் வந்தாலும் ஏறாது. அந்தக் குரல் வாசுகிக்குத் தெரிந்த குரலாக இருந்தது. இவ்வளவு நாளும் அதைக் கேட்டதில்லை, படித்திருக்கிறாள்.

"எங்கக்கா போறீங்க?"

"நான் வாசுகி. ஞாயிறு ஏழு."

டிக்கெட் இயந்திரத்தின் மேல் கை நின்றது. பிறகு, "டிக்கெட் வாங்குறீங்களா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பக்கம் நில்லுங்க. பின்னால ஆளு இருக்கு."

நின்றாள். இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, தண்ணீர் போத்தலோடு அந்தப் பெண் வந்தாள். வாசுகியின் பார்வை பெயர்ப்பட்டைக்குப் போனதைக் கவனித்துவிட்டாள்.

"என்னோடது இல்ல. தோழி சட்ட. என்னோடது ஈரம்." தண்ணீர் குடித்தாள். "நான் எங்கயும் ஊரு எழுதல. எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?"

வாசுகி சொன்னாள். தாமதமான நாட்கள், ஓத அட்டவணை, மசூதி. சொல்லும்போதே தன் குரலில் லேசாக ஒரு பெருமை ஏறுவதைக் கேட்டாள். நிறுத்த முடியவில்லை.

"ஆறு வாரம்?"

"ஆமா."

"அந்த ஆறு வாரத்துல பதிவுக்கு அடியில ரெண்டு வரி எழுதியிருக்கலாம்ல? படிச்சேன், நல்லாருக்குன்னு? இத்தனையில ஒண்ணுக்காவது?"

அது வாசுகிக்குத் தோன்றியதே இல்லை. நூற்று அறுபத்து மூன்று பேருக்குச் சொன்னாள். எழுதினவளிடம் சொல்லவில்லை.

"எழுத்த மாத்தினது நான் இல்லம்மா. அந்த சார்..."

"எழுத்து போவட்டும். ஊரச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ம்." அவள் காலி பெஞ்சு ஒன்றைப் பார்த்தாள். "கோயில்ல யாரோ அந்தப் புத்தகத்தக் கொண்டாந்திருக்காங்க. அந்தப் போகாத ஆளு கையில போயிருச்சு. பக்கத்தக் கிழிச்சு மடிச்சு எடுத்துட்டு வந்தாரு. இது நீதானேன்னாரு. ஆமான்னேன். திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல. 'பகைமை'ன்னு எழுதியிருக்கியே, அவன் மேல எனக்கு என்ன பகைன்னு உனக்குத் தெரியுமான்னாரு. நான் அந்த வார்த்தைய எழுதவே இல்லன்னு சொன்னா நம்பணுமே? டிக்கெட்ட அங்கயே வச்சுட்டுப் போயிட்டாரு. மாத்தக்கூட இல்ல. இனி வருவாருன்னு தோணல."

"அவரு வீடு எங்கன்னு தெரியுமா? நான் போயி நடந்தத விளக்கிச் சொல்லி..."

"அலமாக்! இன்னும் ஒருத்தரத் தேடிக் கண்டுபுடிக்கப் போறீங்களா?"

வாசுகிக்கு வழியில் மனதுக்குள் எழுதிய எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பெட்டிகளை இழுத்தார்கள். அந்தப் பெண் போத்தலை மூடினாள். இனி நேரமில்லை என்ற பதற்றத்தில் வாசுகியின் வாயில் வந்தது இதுதான்:

"வலைப்பூவத் தொறப்பீங்களா? போன வாரம் ஏழு சேரல."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சிரிப்பா, வேறு எதுவா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் அந்தப் பெண்ணின் மூக்கிலிருந்து வந்தது.

"தண்ணி ஏறிருச்சு. போறேங்க்கா."

காரில் ரூபேந்திரன் பொட்டலத்தை நீட்டினான். வாசுகி கோத்தா திங்கி வரும்வரை கெரோபோக் தின்றாள்.

*

மூன்று ஞாயிறுகள் ஐந்தும் ஆறுமாகப் போயின. ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, சாவடி வரிசையில் பஸ் நின்றபோது, பட்டியலின் ஓரத்தில் புதிய பதிவைக் காட்டும் புள்ளி எரிந்தது. 'தண்ணி ஏறல'. பூட்டு இல்லை. தலைப்பு: 'டிக்கெட் வாங்காத ஆளு'.

"போன மாசம் ஒரு சனிக்கிழம அக்கா ஒருத்தங்க வந்தாங்க. தீவுக்குப் போறவங்க இல்ல. மன்னிப்புக் கேக்க வந்தவங்க. கையில அந்தப் புத்தகம் ஒரு கட்டு. என்னய எப்படிக் கண்டுபுடிச்சாங்கன்னு கேட்டேன். பரிச்சையில பர்ஸ்ட் வந்த பிள்ள மாதிரி சொன்னாங்க. அப்புறம் அழுதாங்க. அழுதுட்டே, இந்த வாரம் ஏழு சேரலன்னாங்க. எனக்கு அவங்களத் திட்ட வரல. மாசாமாசம் ஒருத்தரு வாங்கின டிக்கெட்டுல போகாம திரும்புறாரு, இவங்க வாங்காமலே திரும்பிட்டாங்க. அவரு இன்னும் வரல. அவரு டிக்கெட்டு டிராயர்ல இருக்கு. இனிமே யாரும் அட்டவணையெல்லாம் பாத்துத் தேட வேணாம். ஊரு மெர்சிங். மூணாவது கவுண்டரு. வந்தா டிக்கெட் வாங்குங்க."

வாசுகி இரண்டு முறை படித்தாள். முகம் சூடாகியது. கட்டு இல்லை, அவள் கையில் மலரே இல்லை. அழவும் இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. ஏழு சேரல என்பது மட்டும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது.

அந்த மாதத்தில் அவள் படித்தவற்றில் இதைவிட நல்ல பதிவு எதுவும் இல்லை என்பதுதான் கொடுமையாக இருந்தது.

அனுமதி கேட்டு எழுதினாள். "தொறந்துதானே இருக்கு," என்று பதில் வந்தது. "எழுத்த மட்டும் மாத்தாதீங்க."

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். ரூபேந்திரன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"நீ அழலயே? நான் பாத்தேனே, கெரோபோக்க ஒரு பொட்டலம் முழுசா தின்ன."

"அழல."

"புத்தகக் கட்டும் இல்ல. அப்ப எழுதிச் சொல்லு. தப்பா இருக்குன்னு திருத்தச் சொல்லு. நூத்தி அறுபது பேருக்கு நீயே அனுப்பப் போற, உன் மானம்தானே?"

அறிமுகத்துக்கான இரண்டு வரியில் வாசுகி அடித்தாள்: "இதில் குறிப்பிடப்படுபவர் உண்மையில் அழவில்லை." படித்தாள். நேர்த்தியாகத்தான் இருந்தது. செப்பமாக இருந்தது. அழித்தாள். "இப்பதிவு பற்றிய என் விளக்கம்" என்று தொடங்கினாள். அதையும் அழித்தாள். தேநீர் ஆறியது. ரூபேந்திரன் மண்டையை ஆட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனான்.

கடைசியில் வலைப்பூவுக்குப் போய், பதிவின் அடிக்கு இறங்கி, பின்னூட்டப் பெட்டியில் எழுதினாள்: "படிச்சேன். நல்லாருக்கு. வாசுகி." அனுப்பியதும் பூஜ்யமாக இருந்த இடத்தில் ஒன்று வந்தது.

பிறகு பட்டியலை முடித்தாள். அந்த வாரம் எப்படியோ ஏழு சேர்ந்திருந்தது. திருச்செல்வம்கூட ஆர்க்கிட்டுக்குக் கீழே நான்கு வரி எழுதியிருந்தார். ஏழாவதாகத் தலைப்பையும் சுட்டியையும் போட்டாள். எழுதியவர் என்ற இடத்தையும் அறிமுக வரிகளையும் வெறுமனே விட்டு அனுப்பினாள்.

பதினைந்து நிமிடத்தில் மதிவாணன் அழைத்தார். அவர் பட்டியலைத் திறந்து பார்ப்பார் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

"வாசுகி, ஏழாவதுல பேரு விட்டுப்போச்சும்மா. காலியா இருக்கு. பாத்தா பிழை மாதிரி தெரியுது."

"விட்டுப்போகல சார்."

"அப்ப எதாச்சும் போடணுமே?"

"வேணாம் சார்," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."